கொத்தாத அம்மி

நண்பர் ஒருவர் இணையத்தில் அம்மி வாங்கினார். பாரம்பரியச் சமையல், பாட்டி கைமணம் என்றெல்லாம் எழுதி விற்கும் கடை. விலை நாலாயிரத்துச் சொச்சம். தெர்மாகோல் சுற்றி வந்து இறங்கிய கல்லில் முகம் பார்க்கலாம், அவ்வளவு மெருகு. தேங்காயை வைத்துக் குழவியை இழுத்தால் தேங்காய் முன்னால் ஓடியது, மிளகாய் வழுக்கித் தரைக்கு வந்தது. எந்திரத்தில் அறுத்து, எந்திரத்திலேயே பாலீஷும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். முகத்தில் பொளி, அதாவது உளியால் கொத்திய சிறு குழி, இல்லாத கல்லில் எதுவும் அரைபடாது என்பது விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை. நண்பரின் மாமியார்தான் வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குத் தூக்கிட்டுப் போங்க. கொத்துறவங்க அங்க வருவாங்க." அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு நான் போனேன்.

சென்னைப் புறநகரில் இந்தச் சந்தையைத் தெரியாதவர்கள் குறைவு. பழைய டிரங்க் சாலையில், கன்டோன்மென்ட் பகுதியில், வெள்ளிதோறும் கூடுகிறது. மாட்டுச் சந்தையாக ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்கிறார்கள். இப்போது மாடு கிடையாது. ரோஜாக் கன்று, வண்ண மீன், லவ் பேர்ட்ஸ், கருவாடு, ஒற்றைக் கால் போன டைனிங் டேபிள், யாரோ வாங்கிய கோப்பை, யாருக்கோ போட்ட மாலையோடு சட்டமிட்ட படம், எல்லாம் உண்டு. பக்கத்திலேயே விமான நிலையம். இறங்கும் விமானம் தலைக்கு மேல் போகும்போது பேரம் அரை நிமிஷம் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. வாங்கும் பொருளுக்கு என்ன பெயர் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. அதுதான் இங்கே வருவதில் இருக்கும் சந்தோஷமும்கூட.

கல் சாமான் விற்கும் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. மிக்சி வரிசையைத் தாண்டியவுடன் இருந்தது. அந்த மிக்சி வரிசையிலும் கொஞ்ச நேரம் நின்றேன். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வீடு வீடாகப் போன மிக்சிகள் மூடியில்லாமல், ஜாரில்லாமல், அரசு முத்திரை மட்டும் அழியாமல் குவிந்து கிடந்தன. கிராமத்தில் அம்மியை வாசல்படிக்கு அனுப்பியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இப்போது இரண்டும் ஒரே சந்தையில் அடுத்தடுத்த தார்ப்பாயில் வாடிக்கையாளருக்குக் காத்திருக்கின்றன.

அம்மி, ஆட்டுக்கல், உரல், இடிகல் என்று அடுக்கியிருந்த கடைக்காரர் ஆண். அவர் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தவர் அறுபது வயதுக்கு மேலான ஒரு பெண்மணி. கடை அவருடையது அல்ல. அங்கே வாங்குகிறவர்களுக்கும், என்னைப்போல் வீட்டிலிருந்து தூக்கி வருகிறவர்களுக்கும் கொத்திக் கொடுக்கிறார். நான் ஆட்டோவிலிருந்து இறக்கிய கல்லைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னா தம்பி, டைல்ஸ் கல்லை எடுத்தாந்துட்டே?"

உளியின் பின்பக்கத்தால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். கணீரென்று கேட்டது. "கல்லு நல்ல கல்லுதான். வேலைதான் கெட்டுப்போச்சு" என்றார். தட்டினால் மொத்தென்று ஒலிக்கும் கல் உள்ளுக்குள் வெடித்திருக்கும், கொத்தினால் பொருக்கு விடும் என்று விளக்கம் சொன்னார். மணல் கல்லில் அம்மி செய்து விற்கிறவர்களும் இருக்கிறார்களாம். அதில் அரைத்தால் சட்னியோடு கல்லையும் சேர்த்துத் தின்ன வேண்டியதுதான்.

வேலை ஆரம்பித்தது. ஒரு ஓரத்தில் தொடங்கி, வரிசை பிடித்து, ஒரே அளவான சிறு குழிகளாகப் போட்டுக்கொண்டே போனார். சுத்தி பெரிய உயரத்துக்குப் போவதில்லை, மணிக்கட்டிலிருந்து விழுகிறது. குழவி அதிகம் புரளும் நடுப்பகுதியில் பொளி நெருக்கமாகவும், ஓரங்களில் விலகியும் விழுந்தது. இடையிடையே துடைப்பத்தால் தூசைத் தள்ளி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்ப்பதைவிட அதைத்தான் நம்பினார். குழவிக்கு இலேசான கொத்து போதும். ஆழமாகப் போட்டால் மசாலா குழிக்குள் தங்கி, கழுவினாலும் போகாது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. கூலி நூற்றைம்பது ரூபாய்.

பேச்சு முழுக்க அவர் கையிலிருந்த உளியைச் சுற்றியே போனது. ஒரு சாணுக்குக் குறைவான கம்பி. கல்குவாரியில் துளை போடும் ட்ரில் ராடு தேய்ந்த பிறகு, அதை வாங்கித் துண்டுபோட்டுக் காய்ச்சி அடித்துக்கொள்வதாம். கடையில் விற்கும் உளி கருங்கல்லைத் தாங்காது என்கிறார். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் முனை மழுங்கிவிடும். ராத்திரி வீட்டு வாசலில் கரியைப் போட்டு, துருத்திக்குப் பதில் பழைய ஹேர் டிரையரை வைத்து ஊதி (அதுவும் இந்தச் சந்தைச் சரக்குதான்), முனையைத் தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்க்க வேண்டும். எந்த நிறத்தில் எடுத்துத் தோய்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முந்தினால் முனை நொறுங்கும், பிந்தினால் வளையும். வைக்கோல் நிறம் என்றார், பிறகு மயில் கழுத்து நிறம் என்றார், எது எந்த உளிக்கு என்பது எனக்குப் பிடிபடவில்லை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர் கணவர்.

அவரைப் பற்றிச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தாத்தா காலத்தில் கல்லுடைக்க இந்தப் பக்கம் வந்தவர்கள். கணவர் திரிசூலம் மலையில் ஜல்லி உடைத்தவர். குவாரி மூடிய பிறகு இருவருமாகத் தெருத்தெருவாக அம்மி கொத்தப் போனார்கள். நாற்பது தாண்டுவதற்குள் அவருக்கு இருமல் வந்தது, மூச்சு வாங்கியது. டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், வருஷக்கணக்கில் சாப்பிட்டார். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் பற்றி யாரும் அந்தக் குடும்பத்திடம் சொல்லவில்லை. படம் எடுத்துப் பார்த்தால்கூட அதற்கும் காசநோய்க்கும் குழப்பம் வருவது சகஜம். ஒன்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இந்த அம்மாள் முகத்தில் துணிகூடக் கட்டிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டேன். "துணி கட்டுனா வர்றவங்க கிட்ட எப்படிப் பேசுறது?" என்றார். வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. கல் சில்லு தெறித்தது; கண் தப்பியது.

கல்லை அடித்துக் கருவி செய்வது என்று பார்த்தால் இந்த ஊருக்கு இருக்கிற வயது மலைக்க வைப்பது. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கைக்கோடரி பல்லாவரத்தில் கிடைத்ததுதான். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியில் அதைக் கண்டெடுத்தார். பக்கத்துக் குன்றில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. தூண்களுக்கு மேல் அவன் பட்டப் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். இப்போது அது தர்கா. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்துபோன ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்கூட இந்தப் பக்கத்து மலையிலிருந்து போனதுதான் என்பார்கள். அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்த வகைப் பாறைக்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்கப் பாறையியல் படிக்கும் மாணவன் பல்லாவரம் என்ற பெயரைத் தாண்டித்தான் போகிறான். அந்த அம்மாளுக்கு அது கருங்கல். நீலம் ஓடினால் உசத்தி.

உசத்தியான கல் இப்போது கிடைப்பதில்லை என்பது கடைக்காரரின் புலம்பல். திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் குவாரிகள் பள்ளமாகி, தண்ணீர் கட்டிக் கிடக்கின்றன. இதேபோன்ற சிக்கராயபுரம் குவாரிக் குட்டைகளிலிருந்துதான் 2019 வறட்சியில் சென்னைக்குக் குடிதண்ணீர் எடுத்தார்கள். கடைக்காரருக்குச் சரக்கு உத்திரமேரூர் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே மலையை வெடிவைத்துத் தகர்ப்பதே கிரஷருக்காக. ஜல்லிக்கும் எம்.சாண்டுக்கும் கல் எப்படி உடைந்தாலும் சரி. அம்மிக்கு விரிசல் இல்லாத ஒற்றைத் துண்டு வேண்டும். வெடியில் அதிர்ந்த பாறையில் அது அரிது. ஆகவே எந்திரத்தில் அறுத்த பலகைக் கல்லுக்குப் போய்விட்டார்கள். நண்பருக்கு வந்ததும் அதுதான்.

இந்தக் கணக்கைச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. நண்பர் நாலாயிரத்துக்கு மேல் கொடுத்த கல்லின் அளவுக்கு இங்கே ஆயிரத்தைந்நூறு சொல்கிறார்கள்; பேசினால் இன்னும் குறையும். கல்லை உருட்டிக் கொடுத்தவருக்கு அதில் துண்டுக் கணக்குக் கூலி. மீதிப் பணம் படம் பிடித்தவருக்கும், பெட்டி கட்டியவருக்கும், கைவேலை என்று விளம்பரம் எழுதியவருக்கும் போகிறது. அந்தக் கல்லில் கை பட்ட ஒரே இடம் ஸ்டிக்கர் ஒட்டிய இடமாக இருக்கும். அம்மி திரும்பி வருகிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எதற்கு வருகிறது? பால்கனியில் செடியோடு வைக்க வருகிறது. மணமகள் கால் வைக்கக் கல்யாண மண்டபம் வாடகைக்கு வைத்திருக்கிறது. அந்த அம்மியில் ஒரு மிளகுகூட அரைபட்டதில்லை. அரைக்காத அம்மி தேயாது, தேயாத அம்மிக்குக் கொத்து வேண்டாம். கல் எத்தனை விற்றாலும் உளிக்காரருக்கு வேலை கூடாததன் காரணம் இதுதான். தினம் அரைக்கிற வீட்டில் ஆறு மாசத்துக்கு ஒருமுறை அவரைக் கூப்பிட வேண்டிவரும். அப்படிப்பட்ட வீடுகள் குறைந்துகொண்டேதான் போகின்றன. பாரம்பரியத்தை மீட்கிறேன் என்று மைக் பிடிக்கும் எவருக்கும் இந்த நூற்றைம்பது ரூபாய் கண்ணில் படுவதில்லை...

இதையெல்லாம் அவரிடமும் ஆவேசமாகச் சொன்னேன். அவர் நண்பரின் அம்மியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்க மேட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். "பால்கனில வெச்சா வெச்சுட்டுப் போறாங்க தம்பி. வாங்குறப்ப ஒரு தடவையாவது கொத்துறாங்கல்ல" என்றார்.

அதற்குள் இளம் தம்பதி ஒன்று வந்து நின்றது. பெரிய அம்மியைக் காட்டி விலை கேட்டார்கள். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் அம்மாள், "தெனம் அரைப்பியா கண்ணு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மீன் குழம்புக்கு என்று பதில். "அப்பன்னா இந்தச் சின்னதை எடு. பெருசைத் தூக்கிக் கழுவ ஒன்னால ஆவாது." கடைக்காரர் முறைத்தார். சின்னது விற்றது. புது அம்மியை எப்படிப் பழக்குவது என்றும் சொல்லிக் கொடுத்தார். முதலில் தவிடு, பிறகு ஊறவைத்த அரிசி, அரைத்து அரைத்துக் கொட்ட வேண்டும். மாவு வெள்ளையாக வரும்வரை, நரநரப்பு போகும்வரை வாயில் வைக்கக் கூடாது. எனக்கும் அதே உத்தரவுதான்.

சந்தை முடிந்தால் சனி, ஞாயிறுகளில் குரோம்பேட்டை, பம்மல் தெருக்களில் சுற்றுகிறார். பேரன் டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் உட்கார வைத்து ஓட்டுகிறான். முன்பெல்லாம் அவரே குரல் கொடுத்துக்கொண்டு போவார். இப்போது மூச்சு எடுபடவில்லை. அதனால் பேரன் தன் குரலில் பதிவு செய்து, சின்ன ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான்: அம்மி கொத்துவோம், ஆட்டுக்கல் கொத்துவோம். அவன் வேகமாகப் பேசியிருக்கிறான், தெருவில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பது பாட்டியின் புகார். போன வாரம் பம்மலில் ஒரு வீட்டிலிருந்து ஓட்டை வாளியையும் உடைந்த குக்கரையும் தூக்கிக்கொண்டு வந்து எடை போடச் சொன்னார்களாம். "வேணாம்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "குக்கரை வாங்கிக்கிட்டேன். இங்க அம்பது ரூவாய்க்குப் போச்சு" என்றார்.