பெட்டியை இறக்கிய வருஷம்

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். ஜெர்மனியில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பழமொழி சுருக்கென்று தைத்தது.

நவீன ஐரோப்பாவின் புலம்பெயர்வு வரலாறுதான் அந்தப் பருவத்துப் பாடம். முதல் நாள் பேராசிரியர் பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: 'காஸ்ட்ஆர்பைட்டர்'. விருந்தாளித் தொழிலாளி. "விருந்தாளி என்று கூப்பிடும்போதே, நீ ஒருநாள் கிளம்ப வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறோம். இவர்கள் எந்த வருஷம் விருந்தாளிகளாக இல்லாமல் போனார்கள்? பருவ முடிவில் ஆளுக்கொரு பதில் எழுதி வாருங்கள்" என்றார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் ஆலைகளும் சுரங்கங்களும் வேகமாக வளர்ந்தன. வேலைக்கு ஆள் போதவில்லை. 1955இல் இத்தாலியோடு ஆளெடுப்பு ஒப்பந்தம் போட்டார்கள். 1960இல் ஸ்பெயின், கிரீஸ், 1961இல் துருக்கி, 1964இல் போர்ச்சுகல், 1968இல் யூகோஸ்லாவியா. 1973 வரை வந்தவர்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். என் கவலையெல்லாம் போகாதவர்களைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை பான் நகரத்து வரலாற்று அருங்காட்சியகத்திற்குப் போனேன். அங்கே ஒரு சுண்டாப் மொபெட் இருக்கிறது. 1964 செப்டம்பர் 10 அன்று கொலோன் நகர ரயில் நிலையத்தில், பத்து லட்சமாவது விருந்தாளித் தொழிலாளி என்று சொல்லி, போர்ச்சுகலிலிருந்து வந்த அர்மாண்டோ ரோட்ரிகேஸ் என்ற தச்சருக்குக் கொடுத்த பரிசு அது. ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டதும், திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று அவர் பயந்துபோனாராம். தலையில் தொப்பி, மொபெட்டின் மேல் பூங்கொத்து, களைத்த முகம். அந்தப் படம் பள்ளிப் புத்தகங்கள்வரை போயிற்று. பிறகு அவர் நோயாளியாக ஊர் திரும்பினார். சேமிப்பெல்லாம் வைத்தியத்தில் கரைய, 1979இல் இறந்தார். வண்டி பளபளப்பாகவே நிற்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

கேள்விக்கான பதிலை முதலில் சட்டங்களில்தான் தேடினேன். துருக்கியர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கக் கூடாது என்று 1961 ஒப்பந்தத்தில் இருந்தது. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுப்பது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1964இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, ஆளெடுப்பையே நிறுத்தினார்கள். ஊருக்குப் போனால் மறுபடி வேலைக்கு வர முடியாது என்று ஆனதும், போக நினைத்திருந்தவர்களும் தங்கிவிட்டார்கள்; மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தியதுதான் உள்ளே இருந்தவர்களை வேர்விட வைத்தது. 1973 என்றே எழுதிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரம் என் வகுப்புத் தோழி தன் பாட்டி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் தாத்தா துருக்கியின் அனடோலியாவிலிருந்து ஜெர்மனியின் ரூர் பகுதிச் சுரங்கத்திற்கு வந்தவர். பாட்டி சோறும் கத்தரிக்காயும் பரிமாறிய தட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. விளிம்பில் மெல்லிய பொன்கோடு. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. "புதுசா பாட்டி?" என்று கேட்டேன். தோழி துருக்கி மொழியில் பெயர்த்துச் சொன்னாள். பாட்டி சிரித்தார். 1974இல் வாங்கியதாம். ஊரில் வீடு கட்டிக் குடிபோகும்போது பிரிக்கலாம் என்று, பெட்டியோடு அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார்களாம். 22 வருஷம் அங்கேயே இருந்ததாம்.

"அப்புறம் எப்போது பிரித்தீர்கள்?"

பாட்டி தோழியைக் கையால் காட்டினார். "இவள் பிறந்தபோது. குழந்தையைப் பார்க்க அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள், தட்டு போதவில்லை. இவள் தாத்தாவிடம் பெட்டியை இறக்கச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நாற்காலி போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தார்."

அந்த மௌனத்தை எந்த ஆவணக் காப்பகமும் எடுத்து வைக்கவில்லை. ஒப்பந்தங்களையும் ஆணைகளையும் படிக்காமல் இந்த வரலாறு புரியாது. அவற்றை மட்டும் படித்தாலும் புரியாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சாப்பாட்டு மேசைதான்.

கட்டுரையில் 1973ஐ அடித்துவிட்டு 1996 என்று எழுதினேன். அந்த வருஷம்தான் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள்.