மாயாவியும் மின்சாரமும்

கதை எழுதுகிறவனைக் கண்டால் பலரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படிப்பில் உங்களுக்கு முதன் முதலில் ருசி ஏற்படுத்திய நூல் எது?" கம்பன் என்றோ டால்ஸ்டாய் என்றோ சொன்னால் கேட்டவருக்குத் திருப்தியாக இருக்கும். நான் 'இரும்புக்கை மாயாவி' என்பேன். வேடிக்கை பேசுகிறான் என்று சிரிப்பார்கள். வேடிக்கையே இல்லை; சத்தியமான பேச்சு.

மாயாவி நம் நாட்டில் பிறந்தவன் அல்லன். 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில், லூயிஸ் கிராண்டல் என்ற பெயரோடு அவதரித்தவன். ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹேஸுஸ் பிளாஸ்கோ அவனை வரைந்தார். விபத்தில் கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது, முதல் இதழே அவன் கதைதான். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன.

அவன் பிறந்த அதே 1962-ல்தான் நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் இயந்திரம் மின்சாரம் தரத் தொடங்கியது. மின்சாரத்தில் மறைகிற வீரனை மின்சாரம் விளைகிற ஊரில் படித்தவர்கள் நாங்கள். அந்த மின் நிலையத்தில் வேலை பார்த்த என் தகப்பனார் ஒரு நாள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "மின்சாரம் பட்டால் ஆள் மறைந்துபோவது உண்மைதானடா. ஆனால் திரும்பி வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு, இரவு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாயாவிக்காக அல்ல.

நெய்வேலி நகரியத்தில் எல்லாம் இருந்தன: ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள், நேரான சாலைகள், மாமரங்கள், பலா மரங்கள், வட்டத்துக்கு வட்டம் பள்ளிக்கூடம். பாட்டிமார்தாம் குறைவு. வேலை கிடைத்து, மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பாட்டியைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தி வேளையில் கதை சொல்ல ஆள் இல்லாத எங்கள் வீடுகளுக்குள் சிவகாசிப் புத்தகங்கள் நுழைந்தன. ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் படித்தோம். அட்டை கிழிந்து, நடுப்பக்கம் காணாமற்போய், கடைசியில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும் வரை அது பொதுச் சொத்து.

பெரியவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் ஆகா. நம் ஊரில் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1954-ல் அமெரிக்காவில் பிரெடெரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு பெரிய புத்தகமே எழுதினார். செனட் சபையின் குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தமக்குத் தாமே ஒரு தணிக்கை முறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் என்னவோ படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் அவற்றில் கற்றது சிக்கனம். ஆங்கில வாக்கியத்தை அளந்து வரைந்த சின்னக் குமிழுக்குள் தமிழை அடைக்க வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதினால் வில்லனின் தலை மறைந்துவிடும். 'வருகிறார்கள்' என்று சுருக்கலாம். அதற்கும் இடமில்லையா? 'அதோ!' போதும். மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும். எந்த இலக்கண ஆசிரியரும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இவ்வளவு நன்றி பாராட்டிய பிறகும் ஒரு குறை மனத்தில் நிற்கிறது. மாயாவி இங்கிலாந்துக்காரன், குதிரையேறி வந்த டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் பிறந்தவன், லக்கி லூக் பெல்ஜியத்துக் கற்பனை. எல்லோரும் நல்ல தமிழ் பேசினார்கள். நம் தெருவில் மட்டும் ஒருவரும் நடக்கவில்லை. காரணம் எளிது. வரைந்து முடித்த படங்களுக்கு உரிமை வாங்குவது மலிவு. ஓர் ஓவியரை மாதக்கணக்கில் உட்காரவைத்து வரைவது செலவு. கை இல்லாமல் இல்லை. 'தினத்தந்தி'யில் 1960-ல் தொடங்கிய 'கன்னித்தீவு' அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடியது. வாண்டுமாமா எழுத, செல்லம் படம் வரைந்த கதைகளை மறந்தவர் உண்டா? ஆனால் அந்த ஊற்று ஆறாகவில்லை. 2012-ல் லயனும் முத்துவும் வழவழப்பான தாளில், வண்ணத்தில் மறுபடி எழுந்து வந்தபோதும், வாங்கியவர்களில் பெரும்பாலோர் என்னைப்போல் நரை கண்டவர்கள். கதைகளில் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை.

கதைக்கா பஞ்சம்? 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிப்பட்டதே, அது முதல் கட்டம். 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது ஒரு பக்கம். பல்சக்கரம் சுழல மண்ணை வாரித் தின்னும் இயந்திரம் இருக்கிறதே, எந்த வெள்ளைக்கார ஓவியரும் அதைவிடப் பெரிய பூதத்தைக் கற்பனை செய்துவிட முடியாது. 1961-ல் பழுப்பு நிலக்கரி வெயிலைக் கண்டது இன்னொரு பக்கம்.

அந்தப் பள்ளத்துக்கு வழிவிட்டு ஊர் ஊராக எழுந்து போன கிராமத்தார்களின் கதையையும் வரைய வேண்டும். மாயாவி மறைந்தால் இரும்புக்கையாவது தெரியும். அந்த ஊர்கள் மறைந்தபோது அந்தரத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுரங்கத்தின் விளிம்பில் ஒரு கிழவர் பேரனோடு நிற்கிறார். விரலை நீட்டி வெறும் ஆகாயத்தைக் காட்டுகிறார். குமிழ் சின்னதுதான். 'அதோ, நம்ம வீடு' என்று எழுத இடம் போதும்.