பாட்டி போன வாரமும் பச்சை விளக்கும்

உங்கள் பிள்ளை வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே, அன்றைய பொழுது அதற்கு எப்படிப் போயிற்று என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், இல்லையா? என் அம்மாவுக்குத் தெரியும். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்த காலம். அப்பா பால்வாளியைக் கீழே வைக்கும் ஓசையை வைத்தே, கங்காணியிடம் ஏச்சு வாங்கினாரா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறதாம்.

என் மகள் பினாங்கில், தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறாள். அவள் பேசப் பேச, கம்ப்யூட்டர் ஒன்று குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சலிப்புத் தட்டினால் திரையில் எச்சரிக்கை. கனிவாக இருந்தால் பச்சை விளக்கு. அம்மா காலமாகி, மூன்று நாள் விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அன்று முழுக்கப் பச்சைதான் எரிந்ததாம். "பாட்டிய நெனச்சு நெஞ்சு அடைச்சிக்கிட்டு இருந்துச்சும்மா. மெஷின் நான் சந்தோசமா இருக்கேன்னு எழுதிருச்சு" என்றாள்.

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்கார்ட் என்ற அம்மையார், 1995இல் எழுதிய கட்டுரையில்தான் இந்தத் துறைக்கே பெயர் வைத்தார். வேலை நடக்கும் விதம் இதுதான்: ஆயிரக்கணக்கான முகங்களையும் குரல்களையும் மனிதர்கள் பார்த்து, கேட்டு, 'இது கோபம்', 'இது மகிழ்ச்சி' என்று சீட்டு ஒட்டுகிறார்கள். உதட்டோரம், புருவம், குரலின் ஏற்ற இறக்கம், பேச்சின் வேகம் இவற்றை அந்தச் சீட்டுகளோடு இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆக, அதற்குத் தெரிந்தது சீட்டு மட்டும்தான். கோபம் வந்தவரெல்லாம் முகம் சுளிப்பதில்லை, சுளித்தவரெல்லாம் கோபக்காரரும் இல்லை என்று லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்த அறிஞர்களும் 2019இல் விரிவாக எழுதினார்கள். இதைச் சொல்ல அறிஞர்கள் வேண்டுமா? எங்கள் லயத்துப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிக்கார்டின் ஆராய்ச்சி வழியே வந்த மணிக்கட்டுப் பட்டை ஒன்று, வலிப்பு வரும்போது வீட்டாருக்குச் செய்தி அனுப்புகிறது. அது வேறு கதை.

முகத்தைப் படிப்பது நமக்கொன்றும் புதிதல்ல. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டு வகையாகப் பிரித்தது தொல்காப்பியம். வள்ளுவரோ 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்தார். ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலர்க்கு. எனக்கு அந்த வித்தியாசம் பெரட்டுக் களத்தில் விளங்கியது. விடியுமுன் வரிசையில் நிற்கும்போது கங்காணியும் எங்கள் முகங்களைப் படிப்பார், யார் முறைக்கிறார்கள் என்று பார்க்க. அதனால் அப்பா அங்கே ஒரு முகம் வைத்துக்கொள்வார். என் மகளின் பச்சை விளக்கும் அந்த முகத்தைத்தான் பார்த்தது.

ஐரோப்பாவில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் போலும். அங்கே 2024இல் இயற்றிய சட்டம், வேலையிடத்திலும் பள்ளியிலும் இயந்திரம் வைத்து உணர்ச்சியை அளப்பதை 2025 பிப்ரவரி முதல் தடை செய்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. பினாங்கில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் துணைக்கு வருமா?

அம்மாவும் சில நாள் தப்பாகக் கணித்ததுண்டு. ஆனால் எழுதி வைக்க மாட்டார்; அப்பாவுக்குச் சூடாகத் தேநீர் கொண்டுபோய் வைப்பார், அவ்வளவுதான்.

மகள் இரவில் போன் செய்வாள். "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்பாள். போன வாரம் அந்த 'ம்' கொஞ்சம் இழுபட்டது. மறுநாள் காலையிலேயே சுங்கை பட்டாணிக்குப் போய் பஸ் பிடித்தேன். கதவைத் திறந்தவள், "ஒண்ணும் இல்லையேம்மா, ஏன் வந்தீங்க?" என்று சிரித்தாள். நானும் எதுவும் கேட்கவில்லை. கொண்டுபோன நெத்திலிச் சம்பலை எடுத்து வைத்தேன். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள்.