உருமாறும் பொம்மையும் உருமாற்றும் கையும்

குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைப் பற்றி ஒரு குருவானவர் கட்டுரை எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றியே தனியாக வினா எழுப்பி விடை கூறியிருக்கிறார். உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல உள்ளத்திற்கும் ஓய்வு வேண்டும், அந்த ஓய்வே விளையாட்டு என்பது அவர் கருத்து. விளையாட்டே அறியாத கடுகடுப்பும் ஒரு குறைதான் என்று அவர் சொல்லத் தயங்கவில்லை. அத்தகைய மேதையே இப்பொருளைத் தொட்டிருக்கும்போது நாமும் சிறிது தொட்டுப் பார்க்கலாம் அன்றோ?

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பொம்மை உருமாறும் தன்மை உடையது. பார்வைக்கு ஒரு லாரி. மடக்கி, திருப்பி, நிமிர்த்தினால் அதுவே கைகால்களோடு நிற்கும் இயந்திர மனிதன். உலகம் இவ்வகைப் பொம்மைகளை 'டிரான்ஸ்பார்மர்ஸ்' என்று அழைக்கிறது. நம் ஊர்களில் அச்சொல்லைக் கேட்டால் தெருமுனை மின்மாற்றிதான் நினைவுக்கு வரும் என்றாலும், 2007இல் இப்பெயரில் திரைப்படம் வந்த பின்பு நம் சிறுவர்களுக்கு இது அறிமுகமாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த இப்பொம்மையைப் புதுக்காலத் தொழில்நுட்பத்தோடு மீண்டும் மீண்டும் வார்த்து விற்கிறார்கள். பழையதைப் புதுப்பிக்கும்போது எதைக் காக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்னும் வினா பொம்மைக் கடையிலும் எழத்தான் செய்கிறது.

முதலில் இதன் வரலாற்றைக் காண்போம். ஜப்பான் நாட்டின் டக்காரா நிறுவனம் 1980இல் 'டயாக்ளோன்' என்னும் பொம்மை வரிசையைத் தொடங்கியது. அவ்வரிசையில் 1983இல் வந்ததே சிவப்பும் நீலமுமான இந்த லாரி. அப்போது அது வெறும் இயந்திரம். அதனுள் அமர்ந்து ஓட்டுவதற்கென ஓரங்குல உயரமுள்ள சின்னஞ்சிறு மனித உருவங்களும் உண்டு. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அதே அச்சில் வார்த்த பொம்மையை 1984இல் தன் நாட்டில் விற்றபோது ஓட்டுநரை நீக்கிவிட்டது. அதற்கு மாறாக இயந்திரத்திற்கே பெயரும் குணமும் பேச்சும் தந்தது. 'ஆப்டிமஸ் பிரைம்' என்னும் நீதியுள்ள தலைவன் இவ்வாறு பிறந்தான். பிளாஸ்டிக்கும் உலோகமும் மாறவில்லை. கதை மட்டுமே மாறிற்று. நாம் மூலம் என்று போற்றுவதே ஒரு மறுவார்ப்புத்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1986இல் வெளியான கேலிச்சித்திரத் திரைப்படத்தில் இத்தலைவனைச் சாகடித்தார்கள். பழைய பொம்மைகளை விலக்கிப் புதியவற்றை விற்க வேண்டும் என்பதே காரணம். அரங்குகளில் பிள்ளைகள் அழுதார்கள். எதிர்ப்பைக் கண்ட நிறுவனம், 1987இல் தொலைக்காட்சித் தொடரில் அவனை மீண்டும் உயிரோடு கொண்டுவந்தது. கணக்குப் போட்டவர்களுக்கு அது சரக்கு. கையில் வைத்திருந்த பிள்ளைக்கோ அது தோழன்.

அந்த முதற்பொம்மை அப்படி என்ன செய்தது? லாரியின் முன்கண்ணாடிகளே மனிதனின் மார்பு. பின்சக்கரங்கள் பொருந்திய பகுதி கால்களாக நிமிரும். உள்ளே ஒளிந்திருக்கும் தலை புரண்டு மேலே வரும். ஒரு சிறுவன் இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் அதன்பின் கண்ணை மூடிக்கொண்டே செய்வான். குறைகளும் உண்டு. கைமுட்டிகள் தனித் துண்டுகளாதலால் எளிதில் தொலைந்துபோகும். நடப்பதுபோல் நிறுத்த வழியில்லை. மரப்பாச்சிபோல் விறைத்து நிற்கும். ஆயினும் ஒன்று மற்றொன்றாவதைத் தன் விரல்களால் நிகழ்த்தும் வியப்பு அப்பிள்ளைக்குக் கிடைத்தது. இந்தப் பொம்மையின் உயிர்நாடி அதுவே என்பது நம் துணிபு.

பொம்மைத் தொழில் நம் வட்டாரத்திற்கு அந்நியமானதன்று. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தை இன்று நாம் டயரால் அறிகிறோம். 1946இல் அது திருவொற்றியூரில் குழந்தைகளுக்கான பலூன் செய்தே தொழிலைத் தொடங்கியது. அதே நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் ஹாஸ்ப்ரோவுடன் கூடி 'ஃபன்ஸ்கூல்' என்னும் பொம்மை நிறுவனத்தை நிறுவியது. கோவாவில் தொடங்கிய அதன் உற்பத்தி பின்னர் நம் இராணிப்பேட்டைக்கும் வந்தது. தோலுக்குப் பெயர்பெற்ற ஊரிலேயே பொம்மையும் வார்க்கிறார்கள் என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

இனி, மறுவார்ப்புகளுக்கு வருவோம். அவை மூன்று வழிகளில் சென்றிருக்கின்றன.

முதல் வழி, நினைவில் இருக்கும் உருவத்திற்குப் பொம்மையை நெருங்கச் செய்வது. 2003இல் டக்காரா நிறுவனம் 'மாஸ்டர்பீஸ்' என்னும் வரிசையைத் தொடங்கி, ஓரடி உயரத்தில், உலோகக் கனத்தோடு, ரப்பர்ச் சக்கரங்களோடு இத்தலைவனைப் புதிதாகச் செய்தது. அதையே அமெரிக்காவில் விற்றபோது, பிள்ளைகளுக்குக் காயம் படக்கூடாது என்னும் விதிகளுக்காகப் புகைக்குழாய்களின் நீளத்தைக் குறைத்தார்கள். வாங்கியவர்களோ பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள்; குறைத்ததற்காக அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்! 2011இலும் 2019இலும் இவ்வரிசையில் புதிய வடிவங்கள் வந்தன. 2019இல் வந்தது தொலைக்காட்சிச் சித்திரத்தை அப்படியே ஒத்திருந்தது. அதற்காகச் சிறுசிறு தகடுகள் பல மடங்கி விரியும்படி அமைக்கப்பட்டது. பார்க்க அழகு. குழந்தையின் கைக்கோ அது பொம்மையன்று, தேர்வு.

இரண்டாம் வழி, மாற்றத்தைப் பொம்மையிடமே ஒப்படைப்பது. 2021இல் ரோபோசென் என்னும் நிறுவனம் ஹாஸ்ப்ரோவின் உரிமம் பெற்று, வாய்ச்சொல் கேட்டுத் தானே உருமாறும் ஆப்டிமஸ் பிரைமை அறிவித்தது. 5,000 உறுப்புகள், 27 மோட்டார்கள், 60 மின்சில்லுகள். விலை ஏறத்தாழ 700 டாலர், அன்றைய மதிப்பில் 50,000 ரூபாய்க்கும் மேல். 'மாறு' என்று சொன்னால் லாரி எழுந்து நிற்கும், நடக்கும், பேசும். அதைச் செய்த பொறியாளர்களின் திறமையை நாம் வணங்குகிறோம். ஆனால் பிள்ளை அங்கே என்ன செய்கிறான்? கைகளைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான்.

மூன்றாம் வழி, 2024இல் வந்தது. இவ்வரிசையின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி டக்காரா டோமி நிறுவனம் 'மிஸ்ஸிங் லிங்க்' என்னும் பெயரில் பழைய பொம்மையையே மீண்டும் வார்த்தது. வெளித்தோற்றம் பழையது, உருமாறும் முறையும் ஏறத்தாழப் பழையதே. ஆனால் அன்று விறைத்திருந்த உடலுக்குள் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் மூட்டுகளை மறைத்து வைத்தார்கள். மரப்பாச்சிபோல் நின்றவன் இப்போது மண்டியிடுகிறான், திரும்பிப் பார்க்கிறான், அடியெடுத்து வைக்கிறான்.

இப்பொம்மையைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு நம் பங்கிலேயே கிடைத்தது. ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மாதிரி வெட்டும் பிரிவில் பணிசெய்யும் நாற்பது வயது அன்பர் ஒருவர், வெளிநாட்டிலுள்ள உறவினர் வழியாக இதை வரவழைத்திருந்தார். வீடு மந்திரிக்கச் சென்றிருந்தபோது அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். எட்டு வயது மகன் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றான். தொடக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை என்று கேளாமலே விளங்கிற்று. நாம் மாற்ற முயன்றோம், தலை வரவில்லை. அன்பரும் கீறல் விழுந்துவிடுமோ என்று அஞ்சியஞ்சித் திருப்பினார்.

அப்போது அவருடைய தாயார் கையை நீட்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செருப்பு, ஷூக்களின் மேற்பகுதியைத் தைத்து ஓய்வு பெற்றவர். இத்தகைய பொம்மையை அதற்குமுன் அவர் தொட்டதில்லை. சிறிது நேரம் விரலால் தடவிப் பார்த்தார். பின்பு ஒவ்வொன்றாக மடக்கி, நிமிர்த்தி, தலையையும் வெளியே எடுத்துவிட்டார். "எந்தப் பக்கம் வரமாட்டேங்குதோ அந்தப் பக்கம் இழுக்கக் கூடாது சாமி. அதுவே வழி காட்டும்" என்றார். பேரனை அருகே அழைத்து, "பிடி கண்ணு" என்று கொடுத்தார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தாயார் நம் பக்கம் திரும்பி, "இவன் சின்னப் பையனா இருக்கும்போது வேலூர்க் கடையில இது மாதிரி ஒண்ணைப் பார்த்து அழுதான் சாமி. அன்னிக்கு முடியல" என்று மட்டும் சொன்னார். மகன் பேசவில்லை. சிறுவன் மூன்று முறை மாற்றினான். மூன்றாம் முறை பாட்டியின் உதவி தேவைப்படவில்லை.

அந்தப் பொம்மையைச் செய்தவர்கள் அந்த அம்மையாரை நினைத்துச் செய்யவில்லை. ஆயினும் நல்ல வேலைப்பாட்டை அவருடைய விரல் அறிந்துகொண்டது. மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எவ்வளவு இறுக்கம் போதும் என்பதைத் தோல் அவருக்குக் கற்றுத் தந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இயந்திரம் கையின் வேலையை ஏற்றுக்கொள்வது குற்றமா? இல்லவே இல்லை. முன்னாளில் நம் தோல் ஷாப்புகளில், ஊறிய தோலை மரத்தின்மேல் விரித்து, குனிந்து நின்று, வளைகத்தியால் சதையைச் சுரண்டி எடுத்தவர்களின் முதுகையும் உள்ளங்கையையும் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவ்வேலையை இயந்திரம் ஏற்றது இரக்கச் செயல். சுமையை இறக்கிவைக்கும் இயந்திரத்தை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் விளையாட்டுச் சுமையன்று. உழைப்பில் நாம் தேடுவது முடிவை. காலணி செய்து முடிந்தால் போதும். விளையாட்டில் செய்வதே பயன். லாரி மனிதனாகி நிற்பதற்காக அன்று, மாற்றுவதற்காகவே பிள்ளை அதை மாற்றுகிறான். மாற்றி முடித்ததும் மீண்டும் லாரியாக்குகிறான். அந்த வேலையைப் பறித்துக்கொண்டால் விளையாட்டில் எஞ்சுவது என்ன?

ஆகவே இம்மூன்றனுள் மூன்றாவதையே நாம் பாராட்டுகிறோம். அது பழைய உருவத்தைச் சிதைக்கவில்லை. பழைய குறையையும் புனிதமாக்கிப் போற்றவில்லை. கைக்கு இருந்த வேலையை அப்படியே விட்டுவைத்து, கூடுதலாகவும் சிறிது தந்தது. பழமையைப் புதுப்பிக்கும் எவருக்கும் இது நல்ல பாடம்.

ஆனால் பாராட்டு முழுமையானதன்று. இப்பொம்மை யாருக்காகச் செய்யப்பட்டது? தம் இளமையை மீட்க விரும்பும் பெரியவர்களுக்காக. அவர்களுள் சிலர் பெட்டியைப் பிரிப்பதுகூட இல்லை. பிரிக்காத பெட்டிக்கு விலை கூடும் என்று காத்திருக்கிறார்கள். நம் நாட்டிலோ இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் இத்தகைய பொருள் நம் காலணித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாக் கனியாகவே நிற்கிறது. அன்று ஒரு தாயால் வாங்கித் தர இயலவில்லை. இன்று மகன் வாங்கிவிட்டார்; பேரனால் தொட இயலவில்லை. பொம்மை மேம்பட்டிருக்கிறது. அலமாரியின் மேல்தட்டு மட்டும் அதே உயரத்தில் இருக்கிறது.

பெற்றோரே, கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்குகிறீர்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது எத்தனை வித்தை செய்கிறது என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட, பிள்ளை அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று பாருங்கள். பத்து ரூபாய்க் களிமண்ணும் கைக்கு வேலை தரும். பொத்தானை அழுத்தியதும் எல்லாம் முடிந்துவிடும் பொம்மை, மூன்றாம் நாள் மூலைக்குப் போய்விடும். அரிதாக ஒரு நல்ல பொருளை வாங்கிவிட்டால் அதைக் கீழ்த்தட்டில் வையுங்கள். கீறல் விழட்டும், சாயம் போகட்டும். நாம் சந்தித்த அன்பரிடமும் விடைபெறும்போது இதையே கேட்டுக்கொண்டோம். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். செய்திருப்பார் என்று நம்புகிறோம்.