மண்ணெண்ணெயில் ஓடிய சாலி

தொண்ணூறுகளின் வன்னியில் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்துபோனால், அது வளைவில் மறைந்த பிறகும் பாதி எரிந்த மண்ணெண்ணெயின் மணம் கிறவல் தூசியோடு வீதியில் நிற்கும். மல்லாவி, துணுக்காய், அக்கராயன், ஸ்கந்தபுரம், புதுக்குடியிருப்பு என்று எங்கே போனாலும் அந்த மணம்தான். உடுப்பில் ஏறும், தலைமயிரில் ஏறும், பிள்ளைகளின் கொப்பிகளில்கூட ஏறும். இப்போதும் எங்காவது குப்பி விளக்கு எரிந்தால் எனக்கு நான் பள்ளிக்கூடம் போன பாதைதான் ஞாபகம் வருகிறது. அந்தப் பாதையில் என்னைக் கொண்டுபோன சாலியும் கூடவே வருகிறது.

ஹொண்டா கொம்பனி 1972இல் ஜப்பானில் வெளியிட்ட சின்ன வண்டி சாலி. பத்து அங்குலச் சில்லுகள். சேலையோடு ஏறி இருக்க வசதியாக நடுவில் தாழ்ந்த உடம்பு. மூன்று கியர், கையால் பிடிக்கிற கிளச் கிடையாது, காலால் மிதித்தால் கியர் விழும். ஜப்பானில் ஒரு வாழ்வு வாழ்ந்து முடித்த பிறகு இலங்கைக்குக் கப்பலேறிய சாலிகள், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஆசிரியைகளிடமும் மருத்துவிச்சிகளிடமும் இரண்டாவது வாழ்வைத் தொடங்கின. எங்கள் சாலியை அப்பா உருத்திரபுரத்தில், ஒரு காலபோக நெல்லை விற்ற காசில் வாங்கினார். வாங்கும்போதே அது பழையது. நீலம் மங்கி, முன்மறைப்பில் ஒரு வெடிப்போடு வந்தது. எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோது, "இனி இது உன்ரை" என்று அப்பா என் கையில் தந்தார்.

1990 யூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயும் தாராளமாக வரவில்லை; ஆனாலும் கைக்கு எட்டிய எரிபொருள் அது ஒன்றுதான். நல்ல நிலையிலிருந்த கார்களைக்கூடச் சாக்கால் மூடிக் கொட்டிலுக்குள் விட்டுவிட்ட அந்தக் காலத்தில், சின்ன ஹொண்டாக்கள் ஓடின. ஆண்களிடம் செவன்ரியும் எம்.டி. 90உம் இருந்தன. எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரர்கள் கடிதம் கொண்டு திரிந்த சிவப்பு வண்டி. இவை எல்லாம் 1958இல் வந்த சுப்பர் கப் வண்டியின் வழிவந்தவை; எல்லாவற்றிலும் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும். ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் பொருந்தும். பொருந்தாததையும் அரத்தால் கொஞ்சம் அராவிப் பொருத்தினார்கள்.

அந்த எஞ்சினுக்கு இன்னொரு நல்ல குணம் இருந்தது. அது ஓடப் பற்றறி வேண்டாம். உதைத்தால் சுழலும் மக்னெற்றோவே பிளக்குக்கு வேண்டிய பொறியைத் தந்துவிடும். பற்றறி செத்ததும் எங்கள் சாலியின் ஹோர்ண் செத்தது, சிக்னல் செத்தது; எஞ்சின் சாகவில்லை. ஹோர்ணுக்குப் பதிலாக அப்பா ஒரு சைக்கிள் மணியைப் பூட்டிவிட்டார். வீதியில் மாடுகள் குறுக்கே நின்றால் அந்த மணியைத்தான் அடித்தேன்.

மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி இலேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் போனால் திரவமாகவே கிடக்கும், பொறி விழுந்தாலும் பற்றாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலைக் கழுவி, அதில் பெற்றோலை எடுத்து வைத்திருப்போம். காபரேற்றரின் வாயில் சில துளிகள் விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். சூடேறும் வரை இன்னும் சில துளிகள். அதற்குப் பிறகு ராங்கியிலிருக்கும் மண்ணெண்ணெயில் தானாக ஓடும். பெற்றோல் ஒரு லீற்றர் என்பது அப்போது பெரிய சொத்து. அதைத் துளி துளியாகச் செலவழித்தோம். போகும் இடத்தில் வேலை சுருக்கமாக முடியும் என்றால் எஞ்சினை நிறுத்தவே மாட்டோம்.

இன்னொரு தொல்லை, அழுத்தம். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். பிஸ்ரன் அடிபடுகிற சத்தம் வெளியே கேட்கும். அதற்காக ஹெட்டுக்குக் கீழே மேலதிகமாக ஒரு காஸ்கற் வைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் இழுவை குறையும். குளக்கட்டில் ஏறும்போது மூன்றாம் கியரில் போக முடியாது. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பிளக்கில் கரி பிடித்துவிடும். அதைக் கழற்றி அரத்தாளால் தேய்த்து மினுக்காமல் ஒரு கிழமையை ஓட்ட முடியாது. மண்ணெண்ணெயில் ஓட்டும் இந்த வழியை உலகம் முன்பே அறிந்திருந்தது. வன்னி விவசாயிகள் கொண்டாடும் பெர்குசன் உழவு இயந்திரத்தில் 1950களை ஒட்டி ஒரு வகை இருந்தது. பெற்றோலில் தொடங்கிச் சூடேறியதும் மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதன் அழுத்தத்தையும் குறைத்துத்தான் செய்திருந்தார்கள். அங்கே பொறியியலாளர்கள் வரைபடம் போட்டுச் செய்ததை இங்கே கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்தவர்கள் காதாலும் கையாலும் கண்டுபிடித்துச் செய்தார்கள். அந்த மனிதர்களை நினைக்கும்போது இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்கிறது.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தபோது, பாலைமரத்துக்குக் கீழே அப்படி ஒரு கராச் இருந்தது. அதை நடத்திய அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஒரு நாளும் எரிந்து விழமாட்டார். பிளக் கழற்ற, காபரேற்றர் கழுவ, பொயின்ற் இடைவெளி பார்க்க எல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

"ரீச்சர், என்னட்டை வராமல் இருக்கப் பழகுங்கோ" என்பார். "நான் எந்த நேரம் எங்கை நிப்பனோ தெரியாது. வண்டி உங்களோடைதானே நிக்கும்."

ரயர் தேய்ந்து உள்நூல் தெரிந்தபோது, வேறொரு பழைய ரயரிலிருந்து துண்டு வெட்டி உள்ளே வைத்துத் தந்தார். உடைந்த கட்டட இரும்புக் கம்பியை வளைத்துப் பின்னால் அகலமான கரியல் ஒன்று ஒட்டித் தந்தார். அதில் நெல் மூடை போனது, விறகு போனது, மரத்தடியில் நடந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் கரும்பலகை போனது. ஒரு மாரி இரவில், வலி கண்ட அயல் வீட்டுப் பெண் அந்தக் கரியலில் இருந்து, என்னைப் பிடித்தபடி அக்கராயன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். லைற்றில் பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தோம், கிபிர் விமானம் வந்தால் மேலே வெளிச்சம் தெரியக் கூடாதென்று. மிச்சப் பாதி வெளிச்சத்தில் நாலு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. இருந்தாலும் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது.

ஒரு பெண்ணுக்கு அந்த வண்டி என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். முறிகண்டியில் தேங்காய் உடைக்க வேண்டுமென்றால் போவேன். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவேன். வழியில் நின்றால் நானே இறங்கி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பிளக்கைக் கழற்றுவேன். கடந்துபோகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். உதவி கேட்கிறேனா என்று பார்ப்பார்கள். எஞ்சின் பிடித்ததும் நான் அவர்களுக்குக் கை காட்டிவிட்டுப் போவேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தலை நிமிர்ந்து இருந்த காலம் வேறில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, பிறகு ஏ9 வீதி திறந்தது, பெற்றோல் வந்தது. மேலதிகமாக வைத்திருந்த காஸ்கற்றை எடுத்துவிட்டு, ராங்கியைக் கழுவிப் பெற்றோல் நிரப்பி உதைத்தபோது சாலி எழுப்பிய சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. இவ்வளவு காலமும் இந்தக் குரலை அடக்கிக்கொண்டா எங்களுக்கு உழைத்தாய் என்று கேட்கத் தோன்றியது. இந்தியாவிலிருந்து புது மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டிகளும் வந்தன. பழசை விற்றுவிட்டுப் புதுசு எடுக்கச் சொன்னார்கள். மனம் வரவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. பழைய காஸ்கற் திரும்பவும் உள்ளே போனது.

2008இன் கடைசியில் உருத்திரபுரத்து வீட்டுக் கதவை அடைத்துவிட்டு வெளிக்கிட்டோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் சனமும் உழவு மெசினும் லான்ட்மாஸ்டரும் சைக்கிளும் நகர்ந்தன. கரியலில் அரிசியும் தறப்பாளும் கட்டி, முன்னால் அம்மாவின் மருந்துப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று சாலி வந்தது. மாத்தளன் மணலில் அதன் சின்னச் சில்லுகள் புதைந்தன. தள்ளிக்கொண்டு வந்தோம். அங்கேயும் அது எங்களுக்கு உழைத்தது. ராங்கியில் மிஞ்சிய மண்ணெண்ணெயை விளக்குக்கு வடித்தெடுத்தோம். ரியூபை வெட்டித் தறப்பாள் கட்டினோம். கரியலில் போட்டிருந்த பலகை கஞ்சி காய்ச்ச அடுப்புக்குப் போனது. 2009 ஏப்ரல் 20ஆம் திகதிக்குப் பிறகு ஆயிரமாயிரம் பேரோடு களப்புத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தபோது, அம்மாவை அணைத்துக்கொண்டு முன்னுக்குப் பார்த்தபடியே வந்தேன். சாலி பங்கர் வாசலில் நின்றது.

மெனிக் பாம் முகாமில் யாரும் யாரிடமும் வண்டி எங்கே என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் எத்தனை பேர் வந்தீர்கள் என்றுதான் கேட்டோம். கராச் அண்ணையைப் பற்றி விசாரித்தேன். மாத்தளனில் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. மீள்குடியேறிய பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் போனபோது, எரிந்தும் துருப்பிடித்தும் வாகனங்கள் மலையாகக் குவிந்திருந்தன. நான் சாலிகளைத் தேடினேன். நீலம் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். பிறகு வெட்கம் வந்தது. இத்தனை உயிர் போன மண்ணில் ஒரு வண்டியையா தேடுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த இரும்புகள் காலப்போக்கில் பழைய இரும்பாக லொறியேறிப் போய்விட்டன.

அந்த வெட்கம் வேண்டியதில்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். இப்போது இல்லாத அப்பாவின் ஒரு போக உழைப்பு அந்த வண்டியில் இருந்தது. காணாமற்போன ஒரு மனிதரின் கைவேலை அந்தக் கரியலில் இருந்தது. அவர்களுக்குக் கல்லறை இல்லை, படம்கூட மிஞ்சவில்லை. அவர்களைத் தொட்டுப் பார்க்க எனக்கிருந்த ஒரே இடம் அது. வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு: ஒரு தையல் மெசின், ஒரு நீரிறைக்கும் மெசின், ஒரு றேடியோ. உயிர்களின் கணக்குக்கு முன்னால் இவற்றைப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. பேசாமலே விட்டால் அவற்றைச் செய்த கைகளையும் மறந்துவிடுவோம்.

இன்று கிளிநொச்சியில் வீதிகள் எல்லாம் காப்பெற். தவணைக் காசுக்கு எடுத்த புது ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிறேன். பொத்தானை அமத்தினால் ஓடுகிறது. பிளக் எங்கே இருக்கிறதென்று பார்க்கப் பிளாஸ்ரிக் மூடிகளைக் கழற்ற வேண்டும். அதைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். 2022இல் நாடு முழுதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். வரிசையில் நின்ற எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் ஒரே நினைப்பு வந்தது; ஒருவர் காஸ்கற் என்றார், இன்னொருவர் மருந்துப் போத்தல் என்றார். ஆனால் அப்போது மண்ணெண்ணெயும் இல்லை. அந்த ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. எங்களிடமிருந்த வித்தைக்கு ஏற்ற எஞ்சினும் இல்லை.

போர்க்காலம் திரும்ப வேண்டுமென்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. தடையும் கிபிரும் பங்கரும் எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. நான் கேட்பது என் சாலியை மட்டும். வியட்நாமில் பழைய சாலிகளைத் தேடிப் பிடித்துப் புதுசாக்கி மினுக்கி ஓட்டுகிறார்களாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் சில இன்னும் ஓடுகின்றன. காணும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். விலைக்குத் தருகிறோம் என்று ஒருமுறை சொன்னார்கள். வாங்கவில்லை. அது வேறு ஆளின் அப்பா நெல் விற்று வாங்கிய வண்டி. அதன் கரியலை வேறொருவர் ஒட்டியிருப்பார். எனக்கு வேண்டியது முன்மறைப்பில் வெடிப்போடிருந்த அந்த நீலச் சாலி. கிடைக்காது என்று தெரியும். தெரிந்தும், வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.