மெஸ்

தமிழ்நாட்டில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு மெஸ் என்றால் சாப்பிடும் இடம். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான்கு வருடம் இருந்தேன். அறையில் மூன்று கட்டில்; ஒரே கொடியில் மூன்று பேருடைய துணி. காலையும் இரவும் தெருமுனை மெஸ்ஸில் சாப்பாடு. மாதம் பிறந்ததும் பணம் கட்டினால் ஓர் அட்டை தருவார்கள், ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டத்தை அடித்துக் கொடுப்பார்கள். அந்த நாட்களில் என்னிடம் ஒழுங்காக இருந்த ஒரே பொருள் அந்த அட்டைதான். மயிலாப்பூரில் ராயர் மெஸ், மதுரையில் அம்மா மெஸ் என்று பெயர்ப் பலகையிலேயே அந்தச் சொல்லை எழுதி வைக்க யாரும் கூச்சப்பட்டதில்லை.

லண்டனில் பிறந்த என் மகளுக்கு இது தீராத வேடிக்கை. மெஸ் என்றால் அவளுக்கு அவளுடைய அறை. மதுரைக்குப் போயிருந்தபோது அந்தப் பலகையைப் படமெடுத்துத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். சாப்பாட்டுக் கடைக்கு அலங்கோலம் என்று பெயர் வைத்த மாதிரி இருக்கிறதாம்.

உண்மையில் எங்கள் மெஸ்தான் மூத்தது. பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு வேளைக்கான உணவு என்று பொருள். அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் ‘மேசையில் வைக்கப்பட்டது’. ஏசா தன் மூத்த மகன் உரிமையை விற்றானே, அந்தப் பயற்றங்கூழை ஆங்கிலத்தில் இன்றும் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். பிறகு அது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் கூட்டத்தின் பெயரானது. லண்டனில் பாரிஸ்டருக்குப் படிப்பவர்கள் விருந்தில் நான்கு நான்கு பேராக அமர்வார்கள். அந்த நால்வர் அணிக்கும் இதே பெயர். நால்வருக்கு இரண்டு பாட்டில் ஒயின் கணக்கு. தான் குடிக்காததால் தன்னைச் சேர்த்துக்கொள்ள எப்போதும் ஆள் இருந்தது என்று காந்தி சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ராணுவத்தோடு சொல் இந்தியாவுக்கு வந்து, ஹாஸ்டல்களுக்குள் புகுந்து, திருவல்லிக்கேணிக்கும் வந்து சேர்ந்தது. இங்கே, புறப்பட்ட இடத்தில், அதற்கு வேறு கதி. எல்லாம் கலந்த சாப்பாடு, மாட்டுக்கும் பன்றிக்கும் வைக்கும் கலவை, பிறகு எந்தக் கலவையும், 19ஆம் நூற்றாண்டில் அலங்கோலம். நாங்கள் சோற்றை வைத்துக்கொண்டோம், ஆங்கிலேயர் சிந்தியதை வைத்துக்கொண்டார்கள் என்று மகளிடம் சொன்னேன். கண்ணை உருட்டினாள்.

அவள் யார்க்கில் படிக்கிறாள். கொண்டுபோய் விட்ட அன்று ஷாம்பிள்ஸ் என்ற குறுகலான தெருவில் நடந்தோம். மேல்மாடிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும்போலச் சாய்ந்து நிற்கும் தெரு. அதுவும் அலங்கோலத்துக்கான சொல்தான். முன்பு அது கசாப்புக் கடைகளின் தெரு. இறைச்சி வைத்து விற்ற பலகைதான் சொல்லின் மூலம். பெட்லம் என்பது 1247இல் தொடங்கிய லண்டன் பெத்லெம் மருத்துவமனையின் சிதைந்த பெயர், மனநோயாளிகளை வைத்திருந்த இடம். பேண்டமோனியம், மில்டன் 1667இல் தன் காவியத்தில் நரகத்தின் தலைநகருக்கு வைத்த பெயர். வீட்டில் சாமான் இறைந்து கிடப்பதைச் சொல்ல எங்கெல்லாம் போயிருக்கிறார்கள்!

நம்மிடமும் இருக்கிறது. களேபரம் என்றால் உடல், பிணம். கல்யாண வீட்டுச் சந்தடியைச் சொல்லும்போது யாருக்கு அது நினைவு வருகிறது? என் அம்மா இந்தச் சொற்களைக் கலக்கவேமாட்டாள். அடுப்படி கந்தரகோளம், பேரப்பிள்ளைகள் கூடினால் ரகளை, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால் குளறுபடி, அவசரமாகக் கிளம்பிப்போன வீடு ‘போட்டது போட்டபடி’ கிடக்கும். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் அவளுக்குக் காது கூசும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். மகளின் சிறு வயதில் “சரியான குழப்படி” என்று சொல்லி அவளைத் தூக்கிக் கொஞ்சுவார். அவர் ஊரில் குறும்புக்கு அதுதான் சொல். கேட்க அத்தனை இனிமை. அதே அக்கா ‘83 கலவரம்’ என்று நான் சொன்ன ஒரு நாள், கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அவர் அப்போது கொழும்பில் இருந்தவர். “கலவரம் எண்டால் ஆர் ஆரை அடிக்கிறது எண்டு தெரியாமல் நடக்கிறது, தம்பி. அவங்கள் வாக்காளர் பட்டியலை வச்சுக்கொண்டு வீடு வீடாய் வந்தவங்கள்” என்றார். அந்தப் பட்டியல் விஷயம் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் பெயர், கதவிலக்கம் பார்த்து ஒழுங்காகச் செய்த ஒரு காரியத்துக்கு ஒழுங்கின்மையின் பெயரை வைத்தால், செய்தவன் அந்தச் சொல்லுக்குள்ளேயே மறைந்துவிடுகிறான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. சீர்குலைவுக்கு ஒரு சொல்லை எடுக்கும்போது, குலைத்தது யார், குலைந்தது எது என்பதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம்.

இவ்வளவும் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, போன பிப்ரவரி வரைக்கும். அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை இரவு மகள் பேசினாள். அப்பத்தாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு, ஆய்வேடு கொடுக்க இன்னும் சில வாரம். முதலில் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஐ ஆம் எ மெஸ், அப்பா.” ஒன்பது நாளாகத் தூக்கம் இல்லை, வகுப்புக்குப் போகவில்லை, சமைக்கவும் இல்லை.

அம்மாவுக்கு அந்த ஒரு சொல் பிடிபட்டுவிட்டது. “மெஸ்ஸா? மெஸ்ஸுல சாப்பாடு சரியில்லையாமா? என்னப்பா சொல்லுது புள்ள?”

என்ன சொல்வது? ‘அலங்கோலமா இருக்கா’ என்றால் அம்மாவுக்கு அது கலைந்த தலை, கிழிந்த சேலை. பெண்பிள்ளைக்கு நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. ‘குழம்பிப்போயிருக்கா’ என்றால் எந்த மாப்பிள்ளை என்று கேட்பாள். ‘உடைஞ்சுபோயிட்டா’ என்றால் அன்றே யார்க்குக்குக் கிளம்பிவிடுவாள். கடைசியில், “அவளுக்கு மனசு சரியில்லையாம்மா. ஒண்ணும் ஓடலையாம்” என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். மகள் தன்னையே அந்தக் குப்பையாகச் சொல்லியிருந்தாள். என் வாக்கியத்தில் அவள் அது இல்லை. அது அவளுக்கு வந்த ஒன்று. பசி வருவதுபோல, காய்ச்சல் வருவதுபோல. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை, எனக்குக் கோபம் வந்தது. வந்தது போகவும் செய்யும். இதை வைத்துத் தமிழின் பெருமை பேச நான் வரவில்லை. இதே மொழியில்தான் லூசு, பைத்தியம், மறை கழன்றது எல்லாம் இருக்கிறது. இதே தமிழில்தான் எங்கள் தெருவில் ஒரு பெண்ணை வெளியே தெரியாமல் அறைக்குள் வைத்திருந்தார்கள். மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் போகாமல் குலதெய்வத்தோடு நிறுத்திக்கொள்ளவும் நமக்குத் தெரியும்.

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள். “தாயி, எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டுக் கிளம்பி வா. அப்பத்தா சோறு போடுறேன்.”

ஒரே மூச்சில் இரண்டு ‘போடு’. ஒன்று இறைந்து கிடப்பது, மற்றது தட்டில் வைப்பது. ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து நடந்து வந்த அத்தனை தூரமும் மதுரைக்காரியின் ஒரு வினைச்சொல்லுக்குள் கிடந்தது. அந்த நேரத்தில் அதை ரசித்தேன் என்று சொல்லமுடியாது. ரயில் நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை கிங்ஸ் கிராஸில் இறங்கினாள். அவளுடைய மேலங்கி அவளுக்கே பெரிதாகத் தெரிந்தது. வீட்டில் மிளகு ரசம், சுட்ட அப்பளம். அம்மா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு முறை தட்டில் போட்டாள், மூன்றாவது முறை மகளே தட்டை நீட்டினாள். திங்கட்கிழமை ஜிபியைப் பார்த்தோம். பல்கலைக்கழகம் ஆய்வேட்டுக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தது. மாத்திரை, வாரம் ஒரு முறை கவுன்சலிங் என்று மெதுவாகப் போகிறது. நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பத்தாவும் பேத்தியும் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். அம்மா மதுரையிலிருந்து, அவள் தன் அறையிலிருந்து. அவளுக்குப் பின்னால் நாற்காலி மேல் ஒரு மாதத் துணி. போன வாரம் நான் பக்கத்தில் இருந்தேன். எப்படி இருக்கே என்று அம்மா கேட்டாள். மகள் தமிழில் யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“இன்னைக்கு நான் மனசு சரியில்ல, அப்பத்தா.”

“நான் இல்ல தாயி” என்றாள் அம்மா. “எனக்கு.”