புட் அப் என்னும் வினை

தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றிலிருந்து வடக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த மாணவி அவர். பள்ளிக் கல்வி முழுவதும் தமிழ்வழி. சேர்ந்த முதல் நாள் துறை அலுவலகத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "வேர் ஆர் யூ புட்டிங் அப்?"

12ஆம் வகுப்புத் தேர்வுக்காக அவர் மனப்பாடம் செய்த பட்டியலில் 'புட் அப் வித்' என்பதற்குப் 'பொறுத்துக்கொள்' என்று பொருள் இருந்தது. பதற்றத்தில் 'வேர்' என்பது 'வாட்' என்று காதில் விழுந்தது. எதைப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பதாக எண்ணி, "இந்த வெயிலை" என்று விடை சொன்னார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதே கேள்வி. தமிழிலும் தங்குவதற்கும் தாங்குவதற்கும் ஒரு நெடில்தானே வேறுபாடு என்று அன்றிரவு தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அவர் தடுமாறியதில் வியப்பில்லை. வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருளே மாறிவிடும் இவ்வகைத் தொடர்கள் அயலாருக்குப் பெருந்தொல்லை தருவன என்று 1755ஆம் ஆண்டிலேயே சாமுவேல் ஜான்சன் தம் அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார். இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925இல் வெளிவந்த நூலொன்றில் லோகன் பியர்சால் ஸ்மித் பரவச் செய்தார். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்பதையும் அவர் குறித்திருக்கிறார். பயணிகள் விடுதியில் 'புட் அப்' செய்வது பழைய ஆங்கில வழக்கு. இன்றைய இங்கிலாந்தில் ஒருவர் மற்றொருவருக்குத் தம் வீட்டில் படுக்க இடம் கொடுப்பதையே இச்சொல் பெரிதும் குறிக்கிறது. 'எங்கே தங்கியிருக்கிறீர்கள்' என்னும் கேள்வியாக அதை அன்றாடம் வழங்கிக்கொண்டிருப்பது இந்திய ஆங்கிலம்.

தமிழ் கற்க விரும்பிய விடுதித் தோழி ஒருத்தி ஒருநாள் 'விட்டுக்கொடு' என்பதைப் பிரித்துக் கேட்டாள். விடுவதும் கொடுப்பதும் சேர்ந்தால் இணங்கிப்போவது எப்படி? அப்படியானால், தங்கையை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதற்கு என்ன பொருள்? 'கண்டுபிடி' என்பதில் யார் யாரைப் பிடிக்கிறார்கள்? 'போட்டுக்கொடு' என்றால் கோள் சொல்வது எப்படி ஆயிற்று? இவருக்கு விடை தெரியவில்லை. ஒவ்வொன்றையும் நாலைந்து வாக்கியங்களில் வைத்துக் காட்டத்தான் முடிந்தது. இத்தகைய வினைகளைப் பிரித்துப் பார்த்துக் கற்க இயலாது. புழங்கும் இடத்தில் கேட்டுத்தான் கற்க வேண்டும் என்பது அன்று அவருக்குப் புலப்பட்டது.

'புட் அப்' புழங்கும் மூன்றாவது இடம் ஒன்று இருந்தது. அதை அறிய அவர் கொடுத்த விலை பெரிது.

தேசியத் தகுதித் தேர்வின் வழி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர், இரண்டாண்டு முடிவில் மூவர் குழுவின் மதிப்பீட்டுக்குப் பின் முதுநிலைக்கு உயர்த்தப்படுவர். 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் என்பது 42,000 ஆகும். இவருக்கு மதிப்பீடு நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆணை வரவில்லை. ஆணை வராததால் பழைய தொகையும் நின்றது. துறை அலுவலகத்தில் கேட்டால் "ஃபைல் புட்-அப் ஹோ கயா" என்றார்கள். கோப்பு மேலிடத்துக்கு வைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். நிர்வாகக் கட்டடத்தில் கேட்டால் "புட்-அப் ஹோ ஜாயேகா" என்றார்கள். வைக்கப்பட்டுவிடும். இரண்டுக்கும் இடையே இறந்தகாலமும் எதிர்காலமும் மோதிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. இரண்டையும் ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார்.

ஏழு மாதங்கள் கழிந்தன. விடுதி உணவுக் கட்டணம் பாக்கி விழுந்தது. களப்பணி தள்ளிப்போனது. ஊரில் அம்மாவின் இரண்டு வளையல்கள் கூட்டுறவு வங்கிக்கு அடகு போயின. "இன்னும் ஒரு வாரம்தாம்மா" என்று ஒவ்வொரு ஞாயிறும் அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறுதியில் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளிப் பட்டியலில் கற்ற தொடர் அதில் இடம்பெற்றது: "ஐ ஹேவ் புட் அப் வித் திஸ் ஃபார் செவன் மந்த்ஸ்." ஏழு மாதங்களாக இதைப் பொறுத்துவருகிறேன்.

நான்காம் நாள் நிர்வாகப் பிரிவின் உதவியாளர் அவரை அழைத்தார். மூக்குக்கண்ணாடி அணிந்த, ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். 'வித்' என்ற சொல் அவர் கண்ணில் படவே இல்லை. "மேடம், ஏழு மாதமாகப் புட் அப் ஆகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பதிவேட்டில் அப்படியொரு கோப்பே கிடையாது. பாருங்கள்" என்று தடித்த பேரேட்டை அவர் பக்கம் திருப்பினார். பக்கம் பக்கமாகத் தேடினார்கள். இல்லை. மதிப்பீட்டு அறிக்கை துறையை விட்டு வெளியே வரவே இல்லை. குழு உறுப்பினர் ஒருவரின் கையொப்பம் விடுபட்டதால் அது அலமாரியில் கிடந்தது. விடுபட்டதை அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

பிழையாகப் படிக்கப்பட்ட ஒரு வாக்கியம் ஏழு மாதத்து உண்மையை வெளிக்கொணர்ந்தது. கையொப்பம் பெற ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஆணையும் நிலுவைத் தொகையும் வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. வளையல்கள் மீண்டன.

'வைக்கப்பட்டுவிட்டது' என்னும் செயப்பாட்டு வினையில் வைத்தவர் பெயர் இல்லை, நாள் இல்லை, எண் இல்லை. கேட்பவர் மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றாதபடி அது கதவைச் சாத்திவிடுகிறது. அதன்பின் எந்த அலுவலகத்தில் அச்சொல்லைக் கேட்டாலும் அவர் மூன்று கேள்விகள் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார். யார் வைத்தார்? யாரிடம்? எந்தத் தேதியில், எந்த எண்ணில்? குரலை உயர்த்துவதில்லை; விடையை எதிரிலேயே நின்று எழுதிக்கொள்கிறார். இளைய ஆய்வாளர்கள் பலர் இப்போது அவரிடம் இந்த மூன்று கேள்விகளையும் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

இவ்வாண்டுச் சேர்க்கையின்போது, விடுதி ஒதுக்கீடு கிடைக்காமல் பெட்டியோடு துறை வாசலில் நின்றாள் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி. அலுவலகத்தில் அதே கேள்வியைக் கேட்டார்கள்: "வேர் ஆர் யூ புட்டிங் அப்?" அந்தப் பெண் விழித்தாள். பின்னால் நின்றிருந்தவர், "என் அறையில்" என்று ஆங்கிலத்தில் விடை சொல்லிவிட்டு, "வாம்மா, பெட்டியை இப்படிக் கொடு" என்று தமிழில் அழைத்துப்போனார்.